கரிமண் கரையும் ஒரு கோடும்

பிள்ளைவாள்,

போன வாரம் சாலைக் கடைத்தெருவில் நம்முடைய பழைய குன்றின் வாசனை அடித்தது. பூட்டும் தாழ்ப்பாளும் விற்கிற கடைகளுக்குப் பின்னால் ஒரு கொல்லன் உலை வைத்திருக்கிறான். பூஜை அறைக் கதவுக்குக் கீல் வாங்கப் போனவன் நான். பாதி குங்கிலியம், பாதி வெடி வெடித்து ஓய்ந்த தெரு என்று நீர் சொல்வீரே, அதே புகை. குடையும் கையுமாக நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் மூட்டையோடு வந்தவன், "மாறி நில்லு சாமி" என்று அதட்டினான்.

கொல்லனிடம் கேட்டேன். "கல்கரி இப்போ கிட்டுறதில்ல சாமி. யுத்தமல்லோ. இது வர்க்கலைப் பக்கத்தில இருந்து வண்டியில வருது. புகை கூடுதல், சூடு குறவு. என்ன செய்ய?" என்றான். ஒரு கட்டியை எடுத்துக் கையில் கொடுத்தான். கரிதான், ஆனால் அதில் மரத்தின் ரேகை அப்படியே இருந்தது. அடுப்புக்கு அடுக்கின விறகை யாரோ மறந்துபோய்விட்டது போல. கீலை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆக, மறுபடியும் தோண்டுகிறார்கள். அப்போது முதல் யுத்தம், இப்போது இரண்டாவது. கப்பலில் கரி வராத காலத்தில் மட்டும்தான் அந்தக் குன்றின் ஞாபகம் இவர்களுக்கு வரும் போலிருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக நான் உமக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல இந்தப் புகை வர வேண்டியிருந்தது. உமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நீர் கேட்டதில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளும்.

நாம் இரண்டு பேரும் ஒரே சர்வே ஆபீஸ். நீர் வெளியே போய் வெயிலில் அளந்து பென்சிலால் வரைந்துகொண்டு வருவீர். நான் உள்ளே உட்கார்ந்து அதன் மேல் மசியால் எழுதுவேன். நாஞ்சில்நாட்டிலிருந்து வந்த உமக்கு ஸ்ரீவராகத்து அக்கிரகார மனிதன் என்றால் கேலி. "சாமி நெழலு விட்டு நெழலுக்குப் போகதுக்கே குடை பிடிப்பாரு" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர். என் கை சுத்தமான கை என்று எனக்கு ஒரு கர்வம். கத்தியால் சுரண்டின தடம் இல்லாத, கறை இல்லாத ஷீட் கொடுப்பவன் ஆபீஸில் நான் ஒருவன்தான். அந்தக் கர்வத்தை நீர் ஒருநாளும் கேலி செய்ததில்லை.

குன்றின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வர்ணத்தில் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டதால், என்னையும் உம்மோடு அனுப்பினார்கள். வள்ளக்கடவில் படகு ஏறினோம். வழி முழுக்க நான் புலம்பினேன். படகில் மீன் நாற்றம், உட்காரும் பலகை ஈரம், கட்டிக்கொண்டு வந்த புளியோதரையில் எறும்பு. நீர் எறும்பைப் பொறுக்கிப் போட்டுவிட்டு என் புளியோதரையில் பாதியைத் தின்றீர்.

வர்க்கலைக் குன்றுகள் தெற்கே தாழ்ந்து முடிகிற இடம் அது. கடலோரமாக நடந்து கடலுக்குள் நீண்ட ஒரு பாறை மூக்கைத் திரும்பினதும், குன்று முழுசாக முன்னால் நின்றது. நான் புலம்புவதை நிறுத்தியது அங்கேதான். மேலே, வீடு கட்ட வெட்டி எடுக்கிறோமே, அந்தச் செம்பாறை. அதன் கீழே மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாக மணலும் களிமண்ணும் மாறி மாறி. எல்லாவற்றுக்கும் கீழே, என் மார்பு உயரத்துக்கு, கருப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டைக்கு மேலிருந்து குன்றின் நீளம் முழுக்கத் தண்ணீர் கசிந்து, மெல்லிசாக வழிந்துகொண்டிருந்தது. நான் கொண்டுபோன வர்ணப் பெட்டியில் பன்னிரண்டு நிறம்தான் இருந்தது.

"மேல உள்ள மணல் மழையைக் குடிக்கும். கீழ உள்ள களிமண்ணு விடாது. போக்கிடம் இல்லாம வெளிய வருது, அவ்வளவுதாம்வே" என்றீர். அவ்வளவுதான் என்று சொன்ன உம்முடைய குரலில் அவ்வளவுதான் இல்லை. நீர் அதை எத்தனையோ தடவை பார்த்தவர். அன்றைக்கும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றீர்.

பிறகு அந்தக் கருப்புப் பட்டையின் ஓரத்திலிருந்து சாம்பல் நிறக் களிமண் கட்டி ஒன்றைப் பெயர்த்தீர். பேனாக்கத்தியை விளிம்பில் வைத்து மெல்லத் தட்டினதும் அது புத்தகம் போல இரண்டாகத் திறந்தது. உள்ளே ஒரு இலை. நடு நரம்பும் கிளை நரம்பும் எல்லாம் இருந்தன. பழுப்பு நிறம், நேற்று உதிர்ந்த பலா இலையின் பழுப்பு. ஒரு ஓரத்தில் புழு கடித்த ஓட்டை.

"இந்த எலையைக் கண்ட மொத மனுசன் நீருதாம்வே. இது உதிந்த அன்னைக்கு மனுசனே இல்ல" என்றீர்.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை ஓரம் காய்ந்து சுருண்டது. கடல்காற்று ஒரு வீச்சு வீசினதும் களிமண்ணை விட்டுக் கிளம்பிப் பறந்து போய்விட்டது. களிமண்ணில் அதன் அச்சு மட்டும் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொன்னேன். எத்தனை வருஷத்து இலை என்று கேட்டேன். "வருசம்னு சொல்லாதேயும். வருசமெல்லாம் நமக்கு உள்ளது" என்றீர். அன்று முதல் எனக்கு அந்தக் குன்றைப் பற்றி ஒரு பயம் உண்டு, கோயிலுக்குள் இருக்கிற மாதிரி பயம்.

கரியோடு வரும் தங்கநிறக் கல் ஒன்றை என் பையில் போட்டு அனுப்பினீரே. தங்கம் இல்லை, கந்தகமும் இரும்பும் என்று சொல்லித்தான் கொடுத்தீர். ஆசையாக மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். மழைக்காலம் கழிந்து திறந்தால், கல் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது. அடியில் இருந்த, படம் எழுதுகிற வரைதுணி மூன்று மடிப்புக்கு ஓட்டை. ஒரு கல் தானாகவே வெந்து, துணியைத் தின்னும் என்று எனக்கு எப்படித் தெரியும். நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். "அந்தக் கல்லுதாம்வே அங்க கரை பூரா கெடக்கு" என்று நீர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னபோது, அதில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

கரை. அதைத்தான் சொல்ல வந்தேன். சுரங்கக்காரர்கள் குன்றின் வயிற்றில் நாலு பொந்து போட்டிருந்தார்கள். எரிகிற கரி ஒரு பங்கு வந்தால், எரியாத கரியும் களிமண்ணும் நாலு பங்கு வந்தது. அதையெல்லாம் தண்டவாளத்தில் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து கடல் பக்கம் கவிழ்த்தார்கள். பொழுது விடிந்தால் கவிழ்ப்பு, அடைந்தால் ஓய்வு. இரண்டு வருஷத்தில், பாறையில் அலை மோதிக்கொண்டிருந்த இடத்தில் அறுபது அடி நடந்து போகிற அளவுக்குக் கரை வந்துவிட்டது. கருப்பும் வெள்ளையும் கலந்த மணல், வெயிலில் மினுங்கும். கடல் அரை மைலுக்குக் கலங்கிய மோர் நிறத்தில் கிடந்தது. மனிதன் கவிழ்த்த மண் பூமியின் ஓரத்தையே தள்ளி வைத்துவிட்டதே என்று நான் வாயைப் பிளந்தேன்.

கட்டுமரக்காரர்களுக்கு அது கிடைக்காத யோகம். அதுவரை அவர்களுக்கு மரம் ஏற்ற இடம் கிடையாது, வலை உலர்த்த இடம் கிடையாது. அவர்களில் முன்னால் நிற்பவன் சிலுவை. நம் வயதுதான் இருக்கும். மார்பில் கயிற்றுத் தழும்பு, பேச்சில் பாதி மலையாளம். "கடலம்ம இத்தன காலம் தராத கரையைக் கரிக்காரன் தந்தானே சாரே" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னபோது, நீர் குனிந்து மணலில் குழி தோண்டினீர். முழங்கை ஆழத்துக்கு மணல். அதற்குக் கீழே கருப்புக் களிமண், சோப்பு மாதிரி வழுக்கியது, கந்தகம் நாறியது. குழியில் ஊறின தண்ணீரை நாக்கில் வைத்து நீர் துப்பினது ஞாபகம் இருக்கிறது.

"இது கரை இல்லவே. கடல் வாயில வச்சிருக்கு, இன்னும் முழுங்கல" என்றீர் என்னிடம்.

அதனால்தான் நீர் உம்முடைய ஷீட்டில் அந்த இடத்துக்கு மட்டும் புள்ளிக் கோடு போட்டீர். உறுதியான கரைக்கு முழுக்கோடு, நிலைக்குமா தெரியாத கரைக்குப் புள்ளி. நம் ஆபீஸில் அ, ஆ மாதிரி அது. ஓரத்தில் பென்சிலால் 'கரை நிலையில்லை' என்றும் எழுதியிருந்தீர்.

இனி நான் செய்தது. அது அடைமழைக் கர்க்கடக மாதம். ஜன்னலை மூடினால் இருட்டு, திறந்தால் ஈரக்காற்று. வரைதுணி ஈரத்தில் தொய்ந்து கிடந்தது. குன்றையும் பாறையையும் எழுதி முடித்து, உம்முடைய புள்ளிகளுக்கு வந்தேன். ஒன்பதாவது புள்ளியில் மசி பரவியது. ஊதினேன், ஒற்றினேன். அடுத்த புள்ளியும் பரவி முந்தின புள்ளியைத் தொட்டுக்கொண்டது. சுரண்டலாம். சுரண்டினால் துணியில் பால்நிறம் வந்துவிடும், சூப்பிரண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். என் ஷீட் ஒன்று அதுவரை திரும்பி வந்ததில்லை. நான் இரண்டு கறையையும் சேர்த்து ஒரு கோடாக இழுத்தேன். அப்புறம் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தேன், இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தேன். கடைசியில் கரை முழுக்க ஒரே கோடு. சொன்னால் வெட்கம், பிள்ளைவாள், எழுதி முடித்துவிட்டுப் பார்த்தபோது அது அழகாக இருந்தது.

உம்மிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். நீர் அடுத்த சர்க்கீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர். "சாமி எழுதினதைப் பாக்கணுமா" என்று ஓரத்தில் இனிஷியல் போட்டுவிட்டுப் போனீர். பார்க்கச் சொல்லி நான் வாயைத் திறக்கவில்லை.

ஷீட் அச்சாகித் தாசில்தார் கச்சேரிக்குப் போனது. அவர்கள் அதைப் பார்த்து, கடலோரப் புறம்போக்கில் பதினான்கு குடும்பத்துக்கு வீட்டுமனை பதித்துக் கொடுத்தார்கள். மழை விட்ட தனு மாதத்தில் குடிசைகள் எழும்பிவிட்டன. நீர் அச்சுப் படத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். மடித்த படத்தை என் மேஜையில் விரித்து, விரலை வைத்தீர்.

"இது யாரு போட்ட கோடுவே?"

"அச்சில் அப்படி விழுந்திருக்கலாம்" என்றேன்.

நீர் என்னைப் பார்த்தீர். கோபம் ஒன்றும் இல்லை. "சரி" என்று சொல்லிப் படத்தை மடித்துக்கொண்டு சூப்பிரண்டு அறைக்குப் போனீர். உள்ளே அவர் சத்தம் கேட்டது. "நீரே இனிஷியல் போட்டுட்டு இப்போ மாத்தணும்னா எங்ஙனே ஓய்? குடியிருக்கிறவாளை இறக்கிவிட நான் எழுதவா?" நான் மசிக்கூட்டைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து பத்தடி நடந்தால் போதும். நடக்கவில்லை.

எடவப்பாதி மழைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீர் லீவு எழுதிக் கொடுத்தீர். நானும் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று நீர் கேட்கவில்லை. படகில் நான் இந்தத் தடவை புலம்பவில்லை, அதையும் நீர் கேட்கவில்லை.

நாம் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் மழை தொடங்கியது. மழை விழுந்ததும் சுரங்கத்துக் கழிவுக் குவியல் புகைய ஆரம்பித்தது. மழையில் அணைவதுதான் நெருப்பின் வழக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அங்கே நனைய நனைய வெள்ளைப் புகை எழும்பியது. குவியலுக்குள் அந்தத் தங்கக் கற்கள் வெந்துகொண்டிருந்தன. என் இழுப்பறையில் வெந்த அதே கல், மலையளவுக்கு.

நீர் குடிசை குடிசையாகப் போய் மேலே ஏறச் சொன்னீர். யாரும் அசையவில்லை. சிலுவை உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த காகிதத்தை எடுத்து வந்தான். மனைப் பதிவும் அதோடு தைத்த படத்துண்டும். நனையாமல் குடிசை இறவாரத்தின் கீழ் பிடித்துக் காட்டினான்.

"சர்க்கார் வரைஞ்ச படமாக்கும் சாரே. இந்தா, வரை முறியாம கெடக்கு. முறியாத வரைன்னா ஒறச்ச கரைன்னு கச்சேரியில சொன்னாவ. நீங்க ஒருத்தர் சொல்லி நான் பதினாலு வீட்டைப் பொளிக்கவா?"

அவன் விரல் இருந்தது என் கோட்டின் மேல். நகத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. நான் உமக்கு ஒரு அடி பின்னால், குடைக்குள்ளே நின்றேன். நீர் திரும்பி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. நீர் திரும்பவில்லை.

"அந்தக் கோடு தப்பு சிலுவை. அதுல என் கையெழுத்து இருக்கு பாரு, இந்தா. தப்பு என்னுது. படத்தை நம்பாத. ஏறு" என்றீர்.

சிலுவை காகிதத்தை மறுபடி எண்ணெய்த் துணியில் சுற்றினான். பிறகு குடிசைகளைப் பார்த்து ஒரு கூப்பாடு போட்டான். சுரங்கத்துத் தள்ளுவண்டிகளில் ஓலையும் கம்பும் பானையும் கோழியும் கிழவிகளும் ஏறினார்கள். கழிவு கொட்டின வண்டிகள் முதல் தடவையாகக் கீழிருந்து மேலே பாரம் இழுத்தன. நானும் தள்ளினேன். குடை எங்கே போனது என்று தெரியாது.

மத்தியானத்துக்குப் பிறகு கடல் கரைக்கு வந்தது. அதை எப்படி எழுதுவது. அலை அடித்து வீடு இடிவது என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. கடல் அவசரமே படவில்லை. முதலில் கரையின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு செங்குத்தான வெட்டு விழுந்தது. அந்த வெட்டில் மணல், களி, கரி, மணல், களி என்று மூன்று வருஷத்துக் கவிழ்ப்பும் வரி வரியாகத் தெரிந்தது. குன்றில் எத்தனையோ காலம் எடுத்த வரிகளை மனிதர்கள் மூன்று வருஷத்தில் தலைகீழாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு அலைக்கும் அந்தச் சுவரிலிருந்து ஒரு கட்டு சரிந்து இறங்கும். இறங்கினதும் களி கரைந்து நுரை காப்பி நிறமாகும். குழியிலிருந்து வந்த ஒரு பெரிய மரத்துண்டு, கரியாகிப்போன மரம், அலையில் புரண்டு புரண்டு எழுந்தது. பூமிக்கு அடியில் கிடந்தது மறுபடி மழையில் நனைந்தது.

"பாரும்வே, பிரிக்குது" என்றீர். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, முகம் மட்டும் குழந்தை முகம். "களியை வெளிய கொண்டு போகுது. மணலை விடல, தெக்க தள்ளுது. பொம்பளைக மொறத்துல பொடைக்க மாதிரி. இம்புட்டு பெரிய கை, ஒரு குருணை தப்பாது."

கரை அளக்க நீர் அடித்து வைத்திருந்த மூங்கில் முளைகள் ஒவ்வொன்றாகப் போயின. மறுநாள் பொழுது சாயும்போது பழைய பாறையில் அலை மோதிக்கொண்டிருந்தது. அறுபதடியும் இல்லை, குடிசைக் குழிகளும் இல்லை. இரண்டு கட்டுமரம் போயிற்று. ஆள் ஒருவரும் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது. பயத்தாலா, நன்றியாலா, அந்தப் பெரிய கையைக் கண்டதாலா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விசாரணை வந்தது. சிலுவையிடம் சொன்னதையே நீர் எழுதிக் கொடுத்தீர். உம்மைக் கடலோர வேலையிலிருந்து எடுத்து, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து எல்லை அளக்க மலைக்கு அனுப்பினார்கள். கிழக்கேகோட்டையில் வண்டி ஏறும்போது வழியனுப்ப வந்தேன். அன்றாவது சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நீர் பெட்டியை ஏற்றிவிட்டு, சாதாரணமாக, ஏதோ மறந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னீர்.

"மழைக்காலத்துல புள்ளி போடும்போது மசியைக் கொஞ்சம் கெட்டியா கூட்டும்வே. ஈரக்காத்துல பரவும்."

வண்டி போய்விட்டது. நான் பழவங்காடி வரை நடந்து, திரும்பி நடந்து, மறுபடி நடந்தேன். இரண்டாம் வருஷம் மலைக்காய்ச்சலில் நீர் போய்விட்டீர் என்று ஆபீஸுக்குத்தான் தந்தி வந்தது. தந்தியை ரிஜிஸ்டரில் ஒட்டினவன் நான்.

முந்தாநாள், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிக் குன்றுக்குப் போனேன். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். இந்த வயதில் தள்ளினேன். அங்கே பொந்துகளைத் திறந்துவிட்டார்கள். தள்ளுவண்டி ஓடுகிறது, கடல் மறுபடி மோர் நிறம். பழைய இடத்தில் கருப்பு மணல் இருபதடி வந்துவிட்டது.

ஆனால், பிள்ளைவாள், மூக்குக்குத் தெற்கே போய்ப் பாரும். நம் காலத்தில் வெறும் பாறையாக இருந்த வளைவில் இப்போது வெள்ளை மணல், கால் மைல் நீளத்துக்கு. களியில்லை, நாற்றம் இல்லை. தங்கக் கல் எதுவும் மிஞ்சவில்லை. கனமான கருப்பு மணல் மட்டும் அலை விட்டுப்போன இடத்தில் மயிரிழை மாதிரி வரிவரியாக. அன்றைக்கு நம் கண் முன்னால் எடுத்ததைக் கடல் அலசி அலசி, வேறிடத்தில் வைத்திருக்கிறது. எல்லாம் அதே மணல்தானா என்று நீர் இருந்தால் குழி தோண்டியிருப்பீர். எனக்குத் தெரியாது. நான் அதில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். அதற்கு மேலே செம்பாறை மேட்டில் அந்தப் பதினான்கு குடிசையும் நாற்பது வீடாகியிருக்கிறது.

சிலுவைக்கு ஒரு கண் மங்கிவிட்டது. வலை முடிந்துகொண்டிருந்தான். உட்கார்ந்து, முழுதும் சொன்னேன். மசி பரவினது, கோடு இழுத்தது, அச்சின் மேல் பழி போட்டது. அவன் கை நிற்கவில்லை.

"அறியும்" என்றான்.

"அவர் சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு தப்பு என்னுதுன்னு அவரு சொன்னப்போ, நான் அவரைப் பாக்கல சாமி. பின்னால குடைக்குள்ள நின்ன ஒங்களையாக்கும் பாத்தேன். மொகத்துல எழுதியிருந்து."

"பிறகு ஏன் அவர் சொன்னதைக் கேட்டு ஏறினீங்க? அவர் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சிருக்கே."

அவன் முடிச்சை இழுத்து இறுக்கினான். "கூட்டுக்காரனுக்க தப்பைத் தலையில எடுத்து வைக்கிற மனுசன், கரை போவும்னு வெறுதே சொல்லுவாரா? அதுனால ஏறினோம்" என்றான். பிறகு கஞ்சி குடிக்கிறீர்களா என்று கேட்டான். குடித்தேன். ஸ்ரீவராகத்தில் சொல்ல வேண்டாம்.

நேற்று ஆபீஸுக்குப் போனேன். பென்ஷன் வாங்கினபின் அந்தப் படி ஏறினதில்லை. நான் பயந்தபடியேதான். கருப்புக் கரை மறுபடி வளர்வதால் மனை கேட்டு விண்ணப்பம் வர ஆரம்பித்திருக்கிறது. கச்சேரிக்கு அனுப்ப, பழைய ஷீட்டைத்தான் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டு தாள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் தாளில், அந்தக் கரை நிலைக்காது, களப்படத்தில் புள்ளிக் கோடுதான் இருந்தது என்று விவரம். இரண்டாவதில், புள்ளியை முழுக்கோடாக்கினவன் நான், சர்வேயர் பேரில் எழுதின குற்றம் என் குற்றம் என்று கையெழுத்துப் போட்டு.

பிரிவுத் தலைவர் நல்ல மனிதர். களப்படத்தைப் பழைய காகிதக் கட்டிலிருந்து எடுக்கச் சொன்னார். உம்முடைய பென்சில் புள்ளிகள் இருந்தன, 'கரை நிலையில்லை' இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நகல் எடுப்பவரிடம், "வரையை முறிச்சு புள்ளியாக்கணும். மனை விண்ணப்பம் எல்லாம் நிறுத்தி வைக்க எழுதிடுங்கோ" என்றார். என் முதல் தாளைக் கோப்பில் சேர்த்தார். இரண்டாவதை வாசித்தார். மறுபடி வாசித்தார். மடித்து என் பக்கமே நீட்டினார்.

"இது வேண்டா சாரே. அந்த ஆளும் மரிச்சு போயி. அவருக்க ஃபைலையும் கரையான் தின்னாச்சு. இதை எதுல சேர்க்க? கோடு மாறியாச்சு, அது மதி, போதும்."

"எங்கேயாவது சேர்த்துக்கொள்ளும்" என்று நான் கெஞ்சினேன். கெஞ்சிப் பழக்கமில்லாதவன் நான். அவர் எழுந்து வந்து தாளை என் சட்டைப் பையில் வைத்து, தோளைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்.

பிள்ளைவாள், உம் பேரில் இருக்கிற பழியை எடுக்க ஒரு ஆபீஸும் இல்லை. காதுகொடுத்துக் கேட்ட சிலுவை முன்பே தெரிந்து வைத்திருந்தான், மற்றவர்களுக்குத் தேவையில்லை. தாள் பையிலேயே இருக்கிறது. சலவைக்குப் போடும்போது எடுத்து, அடுத்த சட்டையில் வைத்துக்கொள்வேன்.